ஏழு சொம்பு பிடித்த வண்டி

அப்படி அவள் சொல்லவே இல்லை. காவேரித் தண்ணீரை அழுக்கு என்று பிரேமலதா சொன்னாளாம், அந்தப் பாவத்தில்தான் புகுந்த வீட்டில் இருக்கக் கொடுத்துவைக்காமல் போனாளாம். யார் கேட்டது? எதிர்வீட்டு ரெங்கநாயகி கேட்டாளாம். ரெங்கநாயகி பாதியைக் காதில் வாங்கிக்கொண்டு மீதியைத் தானே போட்டு நிரப்புகிறவள். மேலச் சித்திரை வீதி முழுக்கத் தெரிந்த சங்கதி அது.

மெக்கானிக்கோடு காருக்கு அடியில் படுத்துக் கிடந்தாள் என்றும் ஒரு பேச்சு. ஆமாம், கிடந்தாள். அடியில் படுக்காமல் காரை எப்படி ரிப்பேர் செய்வது, கூரைமேல் ஏறி உட்கார்ந்தா? அந்த ஹாலித்தின் மனைவி சுராயா மூன்று நாளும் டார்ச் லைட்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே குந்தியிருந்தாளே, அவளை மட்டும் ஒரு கண்ணும் பார்க்கவில்லையா?

ஐம்பத்தாறு வயதில் வீட்டை விட்டு ஓடிப்போனாள் என்கிறார்கள். ஓடவில்லை. ஓட்டிக்கொண்டு போனாள். பட்டப்பகலில், தெருவே பார்த்துக்கொண்டிருக்க. போனதன் காரணம் தெரியாமல் வாயை மெல்லுகிறவர்கள் கொஞ்சம் நிறுத்திவிட்டு இதைக் கேட்கட்டும்.

அந்தக் கார் பிரேமலதாவுடையது. குடும்பத்துக் கார் என்று வீட்டில் எல்லோரும் சொல்லிப் பழகிவிட்டார்கள், அவ்வளவுதான். துறையூரில் அவளுடைய அப்பா நல்லுசாமி சம்பா போட்டு, பருத்தி போட்டு, பேர் பதிந்து வைத்து, வருஷக்கணக்கில் காத்திருந்து எடுத்த வண்டி. வெண்ணெய் நிறத்தில் ஒரு பியட். கியர் ஸ்டியரிங்குக்குப் பக்கத்திலேயே கொம்பு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். முன் சீட்டு பெஞ்சு போல் ஒரே நீளம். வாங்கிய வருஷமே மகளுக்குக் கல்யாணம் கூடிவந்தது. சீரோடு சீராக வண்டியையும் அனுப்பினார் மனிதர். ஆனால் ஆர்.சி. புத்தகத்தில் மாப்பிள்ளை திருவேங்கடத்தின் பெயரைப் போடவில்லை. மகள் பெயரைப் போட்டார்.

"நகையை அடகு வைக்கலாம், நிலத்தை எழுதி வாங்கலாம். இதுல நீ கையெழுத்துப் போட்டாத்தான் எதுவும் நடக்கும்" என்று மட்டும் மகளிடம் சொல்லி அனுப்பினார். அது எதற்குப் பயன்படப்போகிறது என்று அவளுக்கு முப்பத்தைந்து வருஷம் தெரியவில்லை.

புகுந்த வீட்டாருக்குத் தெற்கு வாசல் பக்கம் பாத்திரக்கடை. மாமனாருக்கு எதை அளந்தாலும் ஒன்று என்று ஆரம்பிக்க வராது. வியாபாரி வாய் ஆயிற்றே, லாபம் என்றுதான் தொடங்குவார். ஆடிப்பெருக்கு அன்று காரை அம்மா மண்டபத்துக்கு ஓட்டிப்போய்ச் சந்தனம் குங்குமம் வைத்து, ஸ்டியரிங்கில் மஞ்சள் சரடு கட்டி, ரேடியேட்டரில் இருக்கிற பழைய தண்ணீரைத் திறந்துவிட்டு, ஆற்றில் வரும் புதுத் தண்ணீரை ஊற்றச் சொல்வார். ஊற்றுகிறவள் புது மருமகள். அவள் சீராகக் கொண்டுவந்த பித்தளைச் சொம்பால் மொண்டு மொண்டு ஊற்ற, மாமனார் எண்ணுவார். "லாபம்... ரெண்டு... மூணு..." ஏழாவது சொம்பில் தண்ணீர் வாய்வரை வந்து நிற்கும். "ஏழு. திருப்தி" என்று மூடியைப் போடுவார். ஆடித் தண்ணீர் எப்படி இருக்கும்? டீ நிறத்தில் இருக்கும். அது யாருக்குக் கண்ணில் பட்டது? பெண்டுகள் தாலிச்சரடு மாற்றுகிற நாளில் வண்டிக்கும் ஒரு புதுத் தண்ணீர். ஊரே பார்த்து மெச்சியது. மாமனார் காலத்துக்குப் பிறகு திருவேங்கடம் அதை விடாமல் செய்தான். பிளாஸ்டிக் கேனில் தண்ணீர் பிடித்துக் கவிழ்ப்பான். எண்ணுகிற வழக்கம் மட்டும் போய்விட்டது.

நாற்பது வயதில்தான் பிரேமலதா ஸ்டியரிங்கைத் தொட்டாள். பிறகு ஒரு காலத்தில் திருவேங்கடத்துக்குச் சிறுநீரகம் கெட்டு, வாரம் மூன்று நாள் டயாலிசிஸுக்குத் திருச்சிக்குப் போகவேண்டி வந்தது. ஓட்டக் கற்றுக்கொண்டது அப்போது உதவிற்று. பெஞ்சு சீட்டில் கணவன் தலையணை வைத்துச் சாய்ந்துகொள்வான். அவள் காவேரிப் பாலத்தின் மேல் பஸ்களுக்கு நடுவில் முப்பதில் உருட்டிக்கொண்டு போவாள். இரண்டு வருஷம் போய்வந்ததில் ஒரு நாள்கூட அந்த வண்டி வழியில் நிற்கவில்லை. அவன் போய்ச் சேர்ந்த பிறகும் அவள் ஓட்டுவதை நிறுத்தவில்லை. துறையூரில் பூட்டிக்கிடக்கும் அப்பா வீட்டைப் போய்ப் பெருக்கிவிட்டு வருவாள். சும்மா முக்கொம்பு வரை போய் நிலக்கடலை வாங்கித் தின்றுவிட்டும் வருவாள். எங்கே போனாய் என்று யாரும் கேட்க முடியாத இரண்டு மணி நேரம் அவளுக்கு அந்த வண்டியில் இருந்தது. இதுதான் விஷயம், வேறொன்றுமில்லை.

வீட்டின் மறுபாதியில் கொழுந்தன் அழகிரி குடும்பம். கெட்டவன் என்று சொல்ல முடியாது. அண்ணன் சாவில் ஓடியாடிச் செய்தவன்தான். ஆனால் கார் நிற்கிற கொட்டகையின்மேல் அவனுக்குக் கண். அதை இடித்து அறை கட்டி, வைகுண்ட ஏகாதசிக்கு வருகிறவர்களுக்கு விடவேண்டும் என்று நினைப்பு. அதற்குத் தோதாக இந்த வருஷம் இரண்டு காரியம் சேர்ந்து வந்தன. பழைய வண்டிக்கு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அதற்கு ஆர்.டி.ஓ. சோதனையில் பாஸ் ஆகவேண்டும். அந்தக் கெடு வந்தது. வண்டியும் சூடேற ஆரம்பித்தது.

சாதாரணச் சூடு இல்லை. பத்து நிமிஷம் ஓடினால் முள் சிவப்புக்குப் போய்விடும். பாலக்கரை ஹாலித் அந்த வண்டிக்குப் பதினெட்டு வருஷ வைத்தியர். ரேடியேட்டரை மாற்றினான், தண்ணீர் பம்பை மாற்றினான், பெல்ட்டை மாற்றினான். சூடு குறையவில்லை. கடைசியில் கையைத் துடைத்துக்கொண்டே, "இன்ஜினே தளந்துடுச்சுக்கா. நம்மளுக்கு மூட்டு தேயுற மாதிரிதான். நான் பொய் சொல்ல மாட்டேன்" என்றான்.

ஆனி மாதம் சோதனைக்குப் போகவேண்டிய நாள் வந்தது. ஹாலித்தையும் உடன் கூட்டிப்போகலாம் என்று பாலக்கரையை நோக்கிப் புறப்பட்டாள். காவேரிப் பாலத்தின் நட்டநடுவில், காலை ஒன்பதரை மணிக்கு, மூடி எகிறி ஆவி அடித்து நின்றுவிட்டது வண்டி. பின்னால் பஸ், ஆட்டோ, ஸ்கூல் வேன் எல்லாம் மாம்பழச்சாலை வரைக்கும். ஒருவன் போனில் படம் எடுத்தான். அவள் வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்புவதற்குள் படம் தெருவுக்கு வந்து சேர்ந்துவிட்டது.

அன்று சாயங்காலம் அழகிரி ஒரு காகிதத்தோடு வந்தான். பழைய இரும்புக்கு எடுக்கிறவர்களுக்குக் கொடுக்கிற காகிதம்.

"அண்ணி, பார்த்தீங்கல்ல? நம்ம வீட்டு மானம் பாலத்து மேல புகையா போச்சு. இதுல ஒரு கையெழுத்து. லாரி அவங்களே கொண்டுவருவாங்க."

"வண்டி நின்னதுக்கு மானம் போயிடுமா தம்பி? நேத்து உங்க ஸ்கூட்டர் நின்னப்ப போன மானம் திரும்பி வந்துருச்சா?"

"விளையாடாதீங்க அண்ணி. ஹாலித் பாயே இன்ஜின் போச்சுன்னுட்டாரு. அப்புறம் என்ன?"

அவளிடம் வீம்புதான் இருந்தது. "ஆடி கடைசி வரைக்கும் பொறுங்க. அதுக்குள்ள சோதனையில பாஸ் ஆகலைன்னா நானே கையெழுத்துப் போடறேன். பாஸ் ஆயிட்டா, வண்டியைப் பத்தி இந்த வீட்ல யாரும் வாயைத் திறக்கக் கூடாது."

"சத்தியமா?"

"என் வாக்கு போதும். சத்தியம் பண்றவங்கதான் அப்புறம் மாத்திப் பேசுவாங்க."

சரி, நானும் வாக்குக் கொடுக்கிறேன் என்று காகிதத்தை மடித்துக்கொண்டு போனான் அழகிரி. அவள் சொல்லிவிட்டாளே தவிர என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியாது. ஆனி போயிற்று. ஆடி பிறந்து நாட்கள் ஓடின. வண்டி கொட்டகையில் அப்படியே நின்றது.

ஆடிப்பெருக்கு வந்தது. வண்டியை ஆற்றுக்குக் கொண்டுபோக முடியாது; ஆற்றை வண்டிக்குக் கொண்டுவரலாமே. அம்மா மண்டபத்தில் காப்பரிசியும் காதோலை கருகமணியும் வைத்துப் பெண்கள் கும்பிட்டுக்கொண்டிருந்த கூட்டத்தில் புகுந்து, ஒரு குடம் தண்ணீர் மொண்டு, ஆட்டோவில் வைத்து வீட்டுக்கு வந்தாள். பிளாஸ்டிக் கேனை எடுக்க மனம் வரவில்லை. இதுதான் கடைசி ஆடியோ என்னவோ என்று பரணிலிருந்து அந்தப் பித்தளைச் சொம்பை இறக்கினாள். ரேடியேட்டரின் பழைய தண்ணீரைத் திறந்துவிட்டு, ஒற்றை ஆளாக நின்று ஊற்றினாள். வாய் தானாக எண்ணிற்று.

"லாபம்... ரெண்டு... மூணு... நாலு..."

ஐந்தாவது சொம்பில் தண்ணீர் பொங்கி வழிந்து அவள் பாதத்தை நனைத்தது.

அவள் அப்படியே நின்றாள். எண்ணிக்கையில் தப்பு என்று நினைத்துத் திறந்துவிட்டு மறுபடி ஊற்றினாள். ஐந்துதான். அதே வண்டி, அதே சொம்பு. ரேடியேட்டர் புதிது என்றாலும் அளவு பழையதேதான் என்று ஹாலித் பக்கத்தில் வைத்துக் காட்டிப் போட்டிருந்தான். அப்படியானால் இரண்டு சொம்புத் தண்ணீர் இருந்த இடத்தில் இப்போது என்ன இருக்கிறது? பாத்திரக்கடை வீட்டு மருமகளுக்கு இது புரியாதா? ஏழு பிடிக்கிற பாத்திரம் ஐந்தில் நிரம்பினால், அடியில் எதுவோ கிடக்கிறது.

போனை எடுத்தாள். "ஹாலித் தம்பி, உடனே வாங்க. இன்ஜின் தளரலை. அடைச்சிருக்கு."

"அக்கா, யாரு சொன்னது?"

"சொம்பு சொல்லுச்சு."

பெருநாளுக்குக் கூப்பிட்டால்கூட அவ்வளவு சீக்கிரம் வந்திருக்க மாட்டான். பைக்கில் சுராயாவையும் பின்னால் ஏற்றிக்கொண்டு வந்தான். அவனைத் தப்புச் சொல்ல முடியாது, ரேடியேட்டருக்குள் பார்த்தவன் இன்ஜினுக்குள் பார்க்கவில்லை. இன்ஜின் இரும்புக்குள்ளேயே தண்ணீர் சுற்றிவர வழி உண்டு. அதன் பக்கவாட்டில் உள்ள துளைகளைப் பழைய ஐம்பது காசு மாதிரி வட்டமான தகடுகளால் மூடியிருப்பார்கள். காருக்கு அடியில் படுத்து, கடைசித் தகட்டின் ஓரத்தில் உளியை வைத்துத் தட்டினான். தகடு திரும்பியது. தண்ணீர் பீச்சும் என்று முகத்தை விலக்கிக்கொண்டான். ஒரு சொட்டு வரவில்லை. விரலை விட்டுப் பார்த்தான். செம்மண். வெயிலில் காய்ந்த சட்டி மாதிரி இறுகிப்போய்.

"யா அல்லாஹ்! அக்கா, உள்ள ஒரு வயலே இருக்கு. நாத்து நடலாம்."

முப்பத்தைந்து ஆடி வண்டல். மாமனார் எண்ண எண்ண அவள் கையாலேயே ஊற்றியதும், பிறகு எண்ணாமல் கேனில் கவிழ்த்ததும். வருஷா வருஷம் சேர்ந்து, சூட்டில் வெந்து, தண்ணீர் ஓடும் வழியை அடைத்துவிட்டது. பிரேமலதாவுக்கு அழுகை வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது. நோயைக் கொடுத்ததும் அந்தச் சொம்பு, காட்டிக்கொடுத்ததும் அந்தச் சொம்பு.

பிறகுதான் அந்த மூன்று நாள். தகடுகளை எல்லாம் கழற்றி, வளைத்த கம்பியால் சுரண்டச் சுரண்ட மண் வந்தது. ஹாலித்தின் பெரிய கை சில இடங்களில் நுழையவில்லை. அவள் கை நுழைந்தது. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, சாக்கை விரித்து அடியில் போய்ப் படுத்தாள்.

"அக்கா, புளி போட்டுத் தேய்க்கிற மாதிரியே தேய்க்கிறீங்க" என்றாள் சுராயா, டார்ச்சைத் திருப்பியபடி.

"பாத்திரக்கடைல வாழ்க்கைப்பட்டு வேற என்ன கத்துக்கிட்டேன்? வெளிச்சத்தை இந்தப் பக்கம் காட்டு."

கொட்டகைக் கதவு விரியத் திறந்துதான் இருந்தது. தெருவில் போகிற வருகிறவர்கள் நின்று பார்த்தார்கள். இரண்டாம் நாள் அழகிரி வந்து குனிந்தான். அவனுக்குத் தெரிந்தது அண்ணியின் பாதங்கள் மட்டும்.

"அண்ணி, எழுந்து வெளிய வாங்க. தெருவுல எல்லாரும் என்ன பேசறாங்க தெரியுமா?"

"தெரியும் தம்பி. அந்தப் பதினாலாம் நம்பர் ஸ்பேனரைக் கொஞ்சம் தள்ளுங்க."

மூன்றாம் நாள் எடுத்த மண்ணை எல்லாம் ஒரு முறத்தில் கொட்டி வாசலில் வைத்தாள். முறம் நிறைந்துபோயிற்று. அழகிரியைக் கூப்பிட்டுக் காட்டினாள். எதிர்வாசலில் ரெங்கநாயகி கோலமாவு டப்பாவோடு நின்றிருந்தாள்.

"பாருங்க தம்பி, இதுதான் வண்டிக்கு வந்த வியாதி. இனிமே இதுக்கு ஆத்துத் தண்ணி ஊத்தப்போறதில்ல. சுத்தப்படுத்தின தண்ணியில கூலண்ட் கலந்துதான் ஊத்தணும்னு ஹாலித் சொல்லிட்டாரு."

அழகிரியின் முகம் சிவந்தது. "எங்கப்பா ஆரம்பிச்ச வழக்கம் அண்ணி அது. காவேரி ஊத்தினா கெட்டுப்போச்சுன்னு சொல்றீங்களா?"

"காவேரி குடிக்க, குளிக்க, கும்பிட. இன்ஜினுக்கு வேண்டாம்னுதான் சொல்றேன். மாமா உயிரோட இருந்தா அவரே எண்ணிப் பார்த்துட்டு நிறுத்தியிருப்பாரு."

இவ்வளவுதான் அவள் பேசியது. அந்த முறத்து மண்ணையும் அவள் குப்பையில் போடவில்லை. கொல்லையில் கருவேப்பிலைச் செடிக்குப் போட்டாள். இதில் எங்கே காவேரியை அவமானம் செய்தாள்? சாயங்காலத்துக்குள் வீதியின் நான்கு மூலைக்கும் செய்தி வேறு மாதிரி போய்விட்டது. கடைத்தெருவில் அழகிரியிடம் நாலு பேர் கேட்டார்களாம். அவனுக்கு அதுதான் பொறுக்கவில்லை.

புதுத் தகடுகளை அடித்துப் பொருத்தி, கூலண்ட் தண்ணீரைச் சொம்பால் ஊற்றிய அன்று அவள் எண்ணினாள். ஏழு. ஹாலித் மூடியைப் போட்டு, "திருப்தியாக்கா?" என்றான். அவனுக்கு அந்த வார்த்தையை யாரும் சொல்லித்தரவில்லை. அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

ஆடி முடிய நான்கு நாள் இருக்கையில் சோதனைக்குப் போனாள். மைதானத்தில் லாரிகளும் வேன்களும் வரிசையில் நின்றன. வெயில் என்றால் அப்படி ஒரு வெயில். இன்ஜினை அணைத்துவிட்டு நிற்கலாம் என்று ஹாலித் சொன்னான். அவள் கேட்கவில்லை. "ஓடட்டும். இங்க கொதிக்காதது எங்கயும் கொதிக்காது." ஒன்றேகால் மணி நேரம் வண்டி உறுமிக்கொண்டே நின்றது. முள் நடுவிலேயே நின்றது. அவள் பார்வை முள்ளை விட்டு அகலவில்லை.

பிரேக் இன்ஸ்பெக்டர் வந்தார். சேசிஸ் நம்பரைத் துணியால் துடைத்துப் படித்தார். விளக்கு, ஹாரன், வைப்பர் எல்லாம் பார்த்தார். "டிரைவர் யாரு?" என்று ஹாலித்தைப் பார்த்துக் கேட்டார்.

"நான்தாங்க" என்றாள் பிரேமலதா. "ஓனரும் நான்தாங்க."

ஓட்டிக் காட்டச் சொன்னார். ஓட்டினாள். பிரேக் போடச் சொன்னார். போட்டாள். பின்னால் எடுக்கச் சொன்னார். இரண்டு லாரிக்கு நடுவில் நூல் பிடித்த மாதிரி எடுத்தாள். மனிதர் சிரித்துவிட்டார். "எங்கம்மா வீட்லயும் இதே கலர் இருந்துச்சு. வித்துட்டோம்" என்று சொல்லிக்கொண்டே பாஸ் போட்டார்.

மதியம் இரண்டரை மணிக்கு வீதிக்குத் திரும்பினாள். கொட்டகைக் கதவில் புதுப் பூட்டு. இடுக்கு வழியாகப் பார்த்தால் உள்ளே சிமெண்டு மூட்டைகளும் செங்கல்லும். ஹாலித்தை அனுப்பிவிட்டு, வண்டியை வாசலில் நிறுத்தி உள்ளே போனாள். அழகிரி கூடத்தில் உட்கார்ந்திருந்தான்.

"பாஸ் ஆயிடுச்சு தம்பி."

"சந்தோஷம் அண்ணி."

"கொட்டகையில என்ன?"

"கட்டட வேலை ஆரம்பிச்சாச்சு. ஆடி முடிஞ்சதும் கொத்தனார் வராரு."

"வாக்குக் கொடுத்தீங்களே."

"வண்டியைப் பத்திப் பேசமாட்டேன்னுதான் அர்த்தம். பேசலையே? வண்டி உங்களுது, வச்சுக்கங்க. கொட்டகை குடும்பத்துது." குரல் தாழ்ந்தது. "உங்களுக்கு இந்த வயசுல கார் எதுக்கு அண்ணி? கோயில் இருக்கு, டிவி இருக்கு. மருந்து மாத்திரைன்னா நான் வாங்கிட்டு வர மாட்டேனா? எங்க போகணும்னாலும் என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

அந்தக் கடைசி வார்த்தைதான் அவளைச் சுட்டது. ஒரு வார்த்தை சொன்னாப் போதுமாம். அவன் அன்பாகத்தான் சொன்னான். அதனால் இன்னும் அதிகமாகச் சுட்டது.

"வண்டியை எங்க நிறுத்தறது?"

"தேர் ஓடற வீதி. வாசல்ல நிறுத்த விட மாட்டாங்க. உங்களுக்கே தெரியும். வண்டியா வீடான்னு நீங்களே முடிவு பண்ணிக்கங்க."

பிரேமலதா சண்டை போடவில்லை. அடுப்படிக்குப் போனாள். காலையில் பிசைந்து வைத்த தயிர்சோற்றை எடுத்து, நிதானமாக உட்கார்ந்து, வடுமாங்காயோடு ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டாள். தட்டைக் கழுவிக் கவிழ்த்தாள். நாலு சேலை, ஆர்.சி. புத்தகம், திருவேங்கடத்தின் படம், சொம்பு. தன் பாகத்து அறைகளுக்கு ஒவ்வொன்றாகப் பூட்டுப் போட்டாள். இழுத்துப் பார்த்தாள். வீட்டை விட்டுக் கொடுத்தாள் என்று சொல்கிறவர்கள் இந்தப் பூட்டுகளையும் சேர்த்துச் சொல்லட்டும்.

அழகிரி எழுந்து நின்றுவிட்டான். அவன் இதை எதிர்பார்க்கவில்லை. "எங்க அண்ணி?"

"துறையூருக்கு. அப்பா வீட்டு முத்தத்துல நாலு காரு நிக்கும்."

"எப்ப வருவீங்க?"

"எனக்குத் தோணும்போது. என் வீட்டுக்கு நான் வர ஒரு வார்த்தை சொல்லணுமா என்ன?"

எதிர்வாசலில் ரெங்கநாயகி தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "ஏண்டி பிரேமா, இந்த வெயில்ல எங்கடி கிளம்பிட்டே? அந்த வண்டி கொள்ளிடம் தாண்டுமா?"

"தாண்டுதான்னு ஏறிப் பாரேன். முன் சீட்டுல இடம் இருக்கு."

ரெங்கநாயகி ஏறவில்லை. ஏறியிருந்தால் இன்று சொல்கிற கதையாவது நேராக இருந்திருக்கும்.

பிரேமலதா சொம்பை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நிலைப்படியைத் தாண்டினாள். பின்னால் அழகிரியின் குரல் கேட்டது: "அண்ணி... சாவி?"

எந்தச் சாவி என்று அவள் கேட்கவில்லை. அறைச் சாவி முந்தானை முடிச்சில் இருந்தது, கார் சாவி கையில் இருந்தது. இரண்டும் அவளுடையவை. திரும்பாமல் வாசலில் இறங்கி வண்டியை நோக்கி நடந்தாள்.